பாட்டுக்கு நடுவே ஓர் இருமல்

அந்த வீட்டில் தனியாக இருந்த பரஞ்சோதி பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். நடுவே யாரோ இருமினார்கள். ஊசி சரியாக உட்காரவில்லை என்று நினைத்து, ரெக்கார்டு பிளேயரில் அதைத் தாங்கும் கையின் பின்னால் இருந்த எடையைத் திருகினார். இருமல் போகவில்லை. ஊசியைச் சற்றே சாய்த்துப் பார்த்தார். இன்னும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, வரி வரியா தடவிப் பாத்துட்டேன். தட்டுல இருமலே இல்ல," என்றது ஊசி.

"தெரியும்டா," என்றது கை. "எனக்கு அவரோட நாற்காலிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியுது."

"யாராவது நிக்கிறாங்களா?"

கை தட்டின் மேல் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் கோளாறு என்று நினைத்து, பரஞ்சோதி ஊசியோடு அந்தக் கையைத் தட்டிலிருந்து தூக்கினார். பாட்டு நின்றது. இருமல் நிற்கவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எடையை இன்னும் கொஞ்சம் திருகினார்.