சொல்லி அனுப்ப ஒரு மரம்

ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மரத்தின் மேலிருந்த அறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். விடுதி ஆள் ரங்கன் மூங்கில் ஏணியைத் தோளில் சுமந்தபடி தேயிலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்தால் ஏணி மரத்தில் இருக்கக் கூடாதாம். யானை வரும் தடமாம். காலையில் கொண்டுவந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

இனி விடியும்வரை அவளும் அவரும்தான்.

வேறு யாரும் இல்லை.

அதுதான் வம்பு.

அவர் என்றால் அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். இருவரும் நேருக்கு நேர் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. சண்டை சச்சரவெல்லாம் கிடையாது. சமைப்பாள், பரிமாறுவாள், அவர் சட்டைக்குப் பொத்தான் தைப்பாள். பேச்சு மட்டும் யார் வழியாகவாவது போகும். மகன், மருமகள், பேரன், யாரும் இல்லாத நேரத்தில் பால்காரன். போன வாரம் அறுபதாம் கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட அவர் ஐயரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கொஞ்சம் குனியச் சொல்லுங்க."

ஐயர் சொன்னார். குனிந்தாள். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

அந்தக் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் கொடுத்த பரிசு இது. கோத்தகிரிக்குக் கீழே, பலாமரத்தின் மேல் ஓர் அறை. மருமகள் போனில் படம் காட்டினாள். மரம் தரையைத் துளைத்து உள்ளே வந்து, கூரையைத் துளைத்து வெளியே போகிறது. ஜாலியாக இருந்துவிட்டு வாருங்கள் அத்தை என்றாள். நல்ல பிள்ளைகள்தான். என்னத்தைச் சொல்ல!

மரத்துக்கு அந்தப் பக்கம் அவர் கட்டில். இந்தப் பக்கம் அவள் கட்டில்.

ரங்கன் வைத்துவிட்டுப் போன தூக்கிலிருந்து அவருக்குச் சப்பாத்தி எடுத்து வைத்தாள். அவர் சாப்பிட்டார். அவளும் சாப்பிட்டாள். பிறகு பிரஷர் மாத்திரையைத் தேடினாள். கைப்பையில் இல்லை. பெட்டியில் இல்லை. ஊருக்குக் கிளம்பினால் மாத்திரைகளை எடுத்து வைப்பது எப்போதும் அவர் வேலை. பேச்சு நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

கேட்க வேண்டும்.

யாரிடம் சொல்லிக் கேட்பது?

சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஏ மரமே, என் மாத்திரைய எங்க வச்சிருக்காவன்னு கேளு."

சொன்ன பிறகு வெட்கமாகப் போயிற்று. அவர் சிரிக்கவில்லை. மரத்தைப் பார்த்து மரியாதையாகவே பதில் சொன்னார்.

"பிளாஸ்கு இருக்க பையில, பக்கவாட்டு ஜிப்புல. எடுத்துக்கிடச் சொல்லு."

இருந்தது. போட்டுக்கொண்டாள்.

வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. மரம் நல்ல ஆள் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஊரெல்லாம் போய்ச் சொல்லாது.

மகனிடம் சொல்லி அனுப்ப முடியாத ஒன்று அவளிடம் இருந்தது. மருமகளிடம் முடியாது. பேரனிடம் முடியவே முடியாது. பால்காரனிடமா?

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் மகன் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் தென்காசியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. அவள் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை. அண்ணன் போனை அப்பா காதில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினான். அப்பா பேசியதைக் கேட்டது இவர் ஒருவர்தான்.

மறுபடியும் போன். உயிர் போய்விட்டது.

வெளியே சொன்னால் தீட்டு. கல்யாணம் நின்றுபோகும். அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாலி கட்டி, பந்தி முடிந்து, கடைசி இலையையும் எடுத்த பிறகு அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். கட்டிய பட்டுப்புடவையோடு ஓடினாள். கார் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு நிறுத்திய பேச்சு.

அவள் எழுந்து மரத்தின் மேல் கையை வைத்தாள். பட்டை சொரசொரவென்று இருந்தது.

"எங்கப்பா கடைசியா என்னையக் கேட்டாவளான்னு கேட்டுச் சொல்லு."



இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி. அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றும் நினைத்தாள்.

கட்டில் முனகியது. அவர் மரத்தைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து அவள் முன்னால் நின்றார்.

"கேட்டாவ, மங்கை."

அவள் அவரைப் பார்த்தாள்.

"மங்கைகிட்ட குடுங்கன்னு கேட்டாவ. நீ பக்கத்துலதான் நின்ன. கையில கல்யாண மாலைய வச்சுக்கிட்டு நின்ன. நான் குடுக்கல."

 முகூர்த்தம், தீட்டு, ஊர், பெண் வீட்டார், எதையும் அவர் சாக்காகச் சொல்லவில்லை.

அவள் அழுதாள். அப்பாவுக்காக அன்றைக்கு அழ விட்டுப்போனதையும் சேர்த்து அழுதாள். அவர் தன் கட்டிலுக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

விடிந்ததும் ஏணி வந்தது.

"அம்மா, ஏணி போட்டாச்சு. எறங்குறீங்களா?" ரங்கன் கீழிருந்து குரல் கொடுத்தான்.

அவன் கேட்டது அவளைத்தான். அவள் எழுந்திருக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் கழிச்சு வரச் சொல்லுங்க" என்றாள்.