மூன்று வார ஓய்வு

"பெரிய கீறலே போட்டுடுங்க டாக்டர். எனக்கு அதுதான் வேணும்" என்றார் தச்சர்.

காகிதத்தில் வயிற்றின் படம் வரைந்துகொண்டிருந்த டாக்டர் பேனாவை நிறுத்தினார். "நான் இன்னும் சொல்லியே முடிக்கலையே ஐயா!"

"இவர் எப்பவும் இப்படித்தான். கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே உள்ளே போயிடுவார்" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரம்மா. "நீங்க சொல்லுங்க டாக்டர். நான் கேட்டுக்கறேன்."

டாக்டர் சிரித்தார். இதமாக நாலு வார்த்தை பேசினாலே பாதி வலி இறங்கிவிடும் என்று நம்புகிறவர் அவர். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் அவசரப்பட மாட்டார்.

"இவருக்கு இருக்கிறது குடலிறக்கம். அடிவயிற்றுத் தசை பலவீனமான இடத்துல குடல் பிதுங்கி வெளியே வருது."

"மரத்தைத் தனியாத் தூக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்குவேன். ஒரு கை பிடிக்க யாரையாவது கூப்பிட்டா கௌரவம் குறைஞ்சிடுமா?"

"கூப்பிட ஆள் இருந்தா கூப்பிட மாட்டேனா?" என்றார் தச்சர் மெல்ல.

அவள் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டாள். "மாத்திரையில சரியாகாதா டாக்டர்?"

"ஆகாதும்மா. வலியில்லாம சின்னதா இருந்தா கொஞ்ச நாள் கவனிச்சுப் பார்க்கலாம். இவருக்கு வலி கூடிக்கிட்டே போகுது. குடல் சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தொடைக்கு மேல நாலு விரல் நீளம் கீறி, பிதுங்கினதை உள்ளே தள்ளி, வலை வச்சுத் தைக்கறது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வச்சாலே போதும். இன்னொண்ணு, மூணு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, உள்பக்கமா வலை வைக்கறது. அதுக்கு முழு மயக்கம் கொடுக்கணும்."

"வலை எதுக்கு? விட்டுப்போன இடத்தை இழுத்துத் தைச்சா ஆகாதா?" என்றார் தச்சர்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள். "நைஞ்ச துணியை இழுத்துத் தைச்சா தையலுக்குப் பக்கத்துலயே கிழியும். பின்னால ஒரு துண்டு கொடுத்துத்தான் தைக்கணும்."

"அடடா! நான் வருஷக்கணக்காப் படிச்சதை ஒரே வரியில சொல்லிட்டீங்களே அம்மா!"

ஏதோ தானே சொன்னதுபோல் தச்சரின் முகம் மலர்ந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தார். காதோரம் வெள்ளையாகியிருந்தது. இவ்வளவு நரை எப்போது வந்தது?

"எதுல சீக்கிரம் தேறுவார்?" என்று கேட்டாள் அவள்.

"துளை போட்டா ஒரு வாரத்துல தன் வேலையைத் தானே பார்த்துக்குவார். கீறினா மூணு வாரம் வரைக்கும் இழுக்கலாம். உங்க வீட்டுக்காரருக்கு நான் துளையைத்தான் சொல்வேன்."

"கீறினா மூணு வாரமும் படுக்கையா டாக்டர்?" என்றார் தச்சர்.

"படுக்கையெல்லாம் இல்ல. நடக்கலாம். ஆனா குனிய, எழுந்திருக்க, சட்டை மாட்டக்கூட ஒரு ஆள் துணை இருந்தா நல்லது."

"அப்போ கீறலே இருக்கட்டும்."

"என்ன ஐயா, மூணு வாரம் அம்மா கையால உட்கார்ந்து சாப்பிடலாம்னு கணக்கா?"

தச்சரின் காது சிவந்தது. "அதெல்லாம் இல்ல. முழு மயக்கம்னா பயம். மூடின கண்ணு திறக்குமோ திறக்காதோ."

"கடவுள் கண்ணை மூடிக்கிட்டா இருக்கார்? பேசாம இருங்க. நான் வேண்டிக்கறேன்" என்றாள் அவள்.

நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். "கூட இருந்து பார்த்துக்கப்போறவங்க இதை எழுதிக் கொடுங்கம்மா."

அவள் நிதானமாக எழுதிக் கொடுத்தாள். நர்ஸ் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "விலாசம் வேற வேறயா இருக்கே? உறவுங்கற இடத்தையும் விட்டுட்டீங்க. மனைவின்னு எழுதிக்கவா?"

"முன்னேன்னா எழுதியிருக்கலாம்மா. கோர்ட்டுல பிரிஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு. கீழே விழுந்து கிடந்தார்னு எதிர்க்கடைக்காரர் போன் பண்ணினார், வந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "இவருக்கு மயக்கத்துல பயமெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். நீங்க துளையே போடுங்க, சீக்கிரம் குணமாகட்டும். மூணு வாரம் நான் எப்படியும் இருக்கேன்."