ஒய் பட்டன்

மகள் நித்திலாவின் கல்லூரிக் கால லேப்டாப்பை வீட்டு இன்டர்நெட்டுக்குக் காவல் வைக்கிறேன் என்று குலசேகரன் உட்கார்ந்து மூன்று நாளாகிறது. இனி அவர் அனுமதி இல்லாமல் எதுவும் உள்ளே வராது, வெளியேயும் போகாது. வீட்டிலிருக்கும் போன், டிவி என்று ஒவ்வொன்றாகக் காட்டி, இதை விடலாமா என்று திரை கேட்டது. விடலாம் என்றால் ‘ஒய்’ அடிக்க வேண்டும், கூடாது என்றால் ‘என்’. அந்தக் கீபோர்டில் ‘ஒய்’ செத்துக் கிடந்தது. அழுத்தினார், குத்தினார், கடைசியில் பட்டனையே நெம்பி எடுத்து உள்ளே ஊதிப் பார்த்தார். வேறு கீபோர்டு மாட்டலாம் என்றால், இருந்த ஒரே யுஎஸ்பி துளையில் இன்டர்நெட் வயரின் அடாப்டர் உட்கார்ந்திருந்தது. ‘என்’ மட்டும் விரல் பட்டாலே விழுந்தது.

“சனியன், இல்லைங்கறத மட்டும் ஒழுங்கா அடிக்குது.”

பின்னால் நித்திலா நின்றிருந்தாள். புனேயில் கிடைத்த வேலைக்கு இன்று ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். போகட்டுமா என்று அவளும் மூன்று நாளாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை இடவலமாக ஆட்டினார்.

“நெட்டு இல்லாம நீ என்ன அனுப்பப் போற? முதல்ல இது முடியட்டும்.”

“மொபைல் டேட்டால அனுப்பிட்டேன்பா.”

அவர் திரும்பினார். “என்னன்னு?”

அவள் குனிந்து, மேஜையில் கிடந்த அந்தப் பட்டனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.