மேலேடு

லோவென்னா கரண்டியைக் கிரீம் சட்டிக்குள் விட்டாள். ராத்திரி முழுக்க அடுப்போரத்தில் காய்ந்து கட்டிய கிரீம். மஞ்சளாய்ப் படிந்திருந்த மேலேடு மடங்கி, பாளமாகக் கரண்டியில் ஏறியது.

மேசையில் நாலு பேர். லோவென்னா, அவள் அப்பா ஜாகோ, அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த ஹெஸ்டர். அப்புறம், அக்காவைப் பார்க்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெவனிலிருந்து முதல்முறையாக வந்திருக்கும் வின்னி.

ஹெஸ்டர் தன் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். பழக்கம்தான். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் தேநீருக்கு மேலேடு அவள் தட்டுக்குத்தான் வரும்.

லோவென்னா அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதுதான் ஹெஸ்டரைத் தின்றது.

பதினாலு வயசுப் பெண், கதவை அறைந்து சாத்தலாம். நீ ஒண்ணும் எங்கம்மா இல்லை என்று கத்தலாம். அழுதுவிட்டாவது சமாதானமாகலாம். இவளோ ஹெஸ்டருக்கு நாற்காலியை இழுத்துப் போடுவாள். கழுவ எடுத்த கோப்பையைக் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொள்வாள். "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்."

அப்போதெல்லாம் ஹெஸ்டருக்கு, பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்று இருக்கும். அந்தப் பெண் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

இன்று மேலேடு அவள் தட்டைத் தாண்டிப் போய் வின்னியின் பன்னில் இறங்கியது.

"ஜாமுக்கு மேலயா கிரீமை வைப்பீங்க?" என்றாள் வின்னி. "எங்க ஊர்ல கிரீம்தான் முதல்ல."

"ஆத்தைத் தாண்டி வந்துட்டீங்கல்ல, இங்க இப்படித்தான்" என்றார் ஜாகோ, வாயில் பன்னோடு.

லோவென்னா மறுபடி கரண்டியை விட்டாள். அடியிலிருந்த வெறும் வெள்ளைக் கிரீம். அப்பாவுக்கு ஒரு கரண்டி, தனக்கு ஒரு கரண்டி. அப்புறம் சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் சேர்த்து வழித்து ஹெஸ்டரின் பன்னில் தட்டினாள்.

"நான் போய்க் கோழியை அடைக்கணும். சட்டியை நீயே கழுவிடு."

சொல்லிவிட்டு, தன் பன்னைக் கடித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனாள். ஜாகோவும் வாளியை எடுத்துக்கொண்டு மகள் பின்னால் நடந்தார்.

வின்னிக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் தலை மறைந்ததும் அக்கா பக்கம் சாய்ந்தாள்.

"என்னக்கா இது? எனக்குத் தங்கமா வச்சுட்டு உனக்கு வழிச்சதைப் போடுறா. பத்துப்பாத்திரம் வேற. இப்படியா உன்னை நடத்துறாங்க? பெட்டியை எடு, என்கூடக் கிளம்பு."

ஹெஸ்டரின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் வின்னி பன்னைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தே விட்டாள்.

"உக்காருடி" என்றாள் ஹெஸ்டர். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷமா எனக்கு அந்த மேலேட்டைத்தான் வச்சா. இந்த வீட்டுல அது விருந்தாளிக்கு வைக்கிறது."