கழுத்து சிறுத்த ஸ்வெட்டர்

ஸ்வெட்டரின் கழுத்தில் தலை எப்படியோ நுழைந்துவிட்டது. திரும்பி வர மறுக்கிறது.

கட்சிப் பேச்சாளர் கண்ணாடியில் பார்த்தார். மன்னார்குடியின் ஐப்பசிப் புழுக்கத்தில், முழுக்கைக் கம்பளி ஸ்வெட்டர் போட்ட ஒரே மனிதர்.

வடக்கே சீனப் படை எல்லை தாண்டியதிலிருந்து மாதர் சங்கத்தில் கம்பளி நூல் கொடுக்கிறார்கள், சிப்பாய்களுக்குப் பின்ன. மனைவி தையல்நாயகி ஜென்மத்தில் ஸ்வெட்டரைப் பார்த்ததில்லை. அளவுக்குக் கணவரை நிறுத்தினாள். கழுத்தை அளந்தாள். கழுத்துக்குக் கச்சிதமாகப் பின்னினாள்.

அதற்குள் ஒரு தலை நுழைய வேண்டும் என்பது பின்னி முடித்த பிறகுதான் தெரிந்தது.

அவர் தலை பெரியது. கட்சிக்காரர்கள் அதை அறிவு என்று நினைத்திருந்தார்கள்.

வாசலில் ரிக்‌ஷாவோடு கிளைச் செயலாளர் செங்குட்டுவன்.

"அண்ணே, கூட்டம் ரொம்பிருச்சு. தனிநாடு பேச ஒங்கள விட்டா யாரு?"

பத்து வருடமாக அதைத்தான் பேசுகிறார். வேறு எதுவும் பேசத் தெரியாது என்பதை மறைக்க, அடுக்குமொழி நிறைய வைத்திருந்தார்.

கத்தரிக்கோலை எடுத்தார்.

தையல்நாயகி கையைப் பிடித்தாள்.

"பனியில நிக்கிற புள்ளைக்குப் பின்னுனது. வெட்டுறதா இருந்தா ஒண்ணு சொல்லிட்டு வெட்டுங்க. அவன் நம்ம நாட்டுப் புள்ளையா, அடுத்த நாட்டுப் புள்ளையா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

மேடை ஏறியதும் தேரடி மொத்தமும் சிரித்தது. ஸ்வெட்டருக்கு மேலே கட்சித் துண்டு. உள்ளே வியர்வை ஆறாக ஓடியது.

மைக்கைப் பிடித்தார். அடுக்குமொழி ஒன்றும் வரவில்லை.

"எனக்கு வேர்க்குது. இதப் போட வேண்டியவன் அங்க வெறச்சுப்போய் நிக்கிறான். அவன் எந்த ஊருன்னு கேக்காமலே எம் பொண்டாட்டி பின்னிட்டா. தனிநாடு வேணும்னு கேட்டவன் நான். அத இன்னிக்கு இந்த மேடையிலயே எறக்கி வைக்கிறேன். டெல்லி மேல கோவம் இருக்கு. இருக்கட்டும். சண்ட போடுறதுக்காவது டெல்லி நம்மளுதா இருக்கணும்ல?"



பத்து வருடப் பெயர். ஒரே மூச்சில் போயிற்று.

பின்னாலிருந்து ஒரு குரல். "அப்ப இத்தன வருஷம் பேசுனது யாருய்யா?"

"நான்தாங்க. தப்பாப் பேசுனாலும் நல்லாப் பேசுனேன்ல?"

முதல் கைதட்டல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதன்பின் பக்கம் என்று எதுவும் இல்லை. தேரடியே எழுந்து நின்றது. விசில் பறந்தது. செங்குட்டுவன் அழுதுகொண்டே கைதட்டினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் மேடைக்கு வந்தார். சோடாக்கடை உப்பிலி. எதிர்க்கட்சிக்காரர். இவர் பேசுகிற நாளெல்லாம் கடையைச் சாத்திவிட்டுப் போகிறவர்.

கையில் உடைத்த சோடா.

"குடிய்யா. வேர்த்தே செத்துடாத. அடுத்த எலெக்‌ஷன்ல தோக்கடிக்க எனக்கு ஆளு வேணும்."

குடித்தார். கண் கலங்கியது.

"சோடா கொஞ்சம் காரம்" என்றார்.

ஏன் கலங்கியது என்று யாரும் கேட்டிருக்கவில்லை.