சோபனா எங்கே டாட் இன்

"அந்தப் பேரு இப்ப உங்ககிட்டதான் இருக்குதுங்களா?"

போனில் ஒரு பெண் குரல். தமிழ்தான். ஆனால் லேசாகக் கன்னட வாடை அடித்தது.

"எந்தப் பேருங்க?" என்றான் தமிழ்மணி.

அவனிடம் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருந்தன. இணையதளம் வைத்திருப்பவர்கள் அதன் பெயருக்கு வருடாவருடம் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் பெயர் காலாவதியாகிப் பொதுவுக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி வந்து விழுகிற பெயர்களைப் பிடித்து விற்பதுதான் தமிழ்மணியின் தொழில். பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் உரக்கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, டெல்லிக்காரனுக்கும் துபாய்க்காரனுக்கும் விற்றுக்கொண்டிருந்தான்.

"சோபனா எங்கே டாட் இன்."

தமிழ்மணி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடி அவள் வீட்டார் நடத்திய தளம் அது. சில வருடங்களுக்கு முன் கல்லூரிக்குக் கிளம்பிய பெண் வீடு திரும்பவில்லை. அந்தச் சமயத்தில் செய்தித்தாள்கள் தங்கள் இணையப் பக்கங்களில் அந்தத் தளத்துக்குச் சுட்டி, அதாவது லிங்க், கொடுத்திருந்தன. அவை இன்னும் அப்படியே கிடந்தன. செய்தித்தாள் சுட்டி கொடுத்த பெயருக்குக் கூகுளில் மரியாதை அதிகம்; தேடினால் முன்னால் வந்து நிற்கும். அதற்காகவே தமிழ்மணி அதைப் பிடித்தான். சூதாட்டச் செயலி நடத்தும் ஒரு கம்பெனி அதை நல்ல விலைக்குக் கேட்டிருந்தது. சாயங்காலம் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தான்.

இடையில் இவள்.

விற்கிறவன் முதலில் விலை சொல்லக் கூடாது. எதிராளிக்கு அந்தப் பெயர் எதற்கு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இது அவன் தொழிலில் பாலபாடம்.

"வாங்கி என்னங்க பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. முன்னாடி இருந்த பக்கம் திரும்ப வந்தாப் போதும்."

"அவுங்களுக்குச் சொந்தமுங்களா நீங்க?"

அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

பெயரைப் பிடித்த நாளிலிருந்தே ஒரு விஷயம் தமிழ்மணியைக் குடைந்துகொண்டிருந்தது. 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்ற ஒரு வரியும் தன் போன் நம்பரும் மட்டும்தான் அந்தப் பக்கத்தில் அவன் போட்டிருந்தான். அதைப் பார்க்க யாரோ ஒருவர் தினமும் வந்து போனார். வருகைக் கணக்கில் ஊர் தெரியும்; எப்போதும் கர்நாடகத்து ஹூப்ளி. ஒன்றுமே இல்லாத பக்கத்தில் என்னத்தைப் பார்க்கிறார்?

"ஹூப்ளியிலேர்ந்துங்களா பேசறீங்க?" என்று போட்டுப் பார்த்தான்.

அவள் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.

"ஆமாங்க."

"பழைய பக்கத்தைத் தேடி எடுத்துரலாங்க. மேல அந்தப் பொண்ணு போட்டோ பெருசா இருந்துச்சே, அதானே வேணும்?"

"அது வேணாங்க. அதுக்குக் கீழ ஒண்ணு இருக்கும். எங்கம்மாவும் எங்கப்பாவும் பட்டுப்புழுக் கொட்டாய் முன்னாடி நிப்பாங்க. அது மட்டும் போதும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். 'ஐயோ' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

பேசுவது அந்தச் சோபனாவேதான். ஊரெல்லாம் தேடிய பெண், தன்னைத் தேடுகிற பக்கத்தைத் தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவனுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. ஏன் போனாள், யாரோடு போனாள், இத்தனை வருஷம் ஒரு போன்கூட ஏன் செய்யவில்லை. எதை முதலில் கேட்பது என்று அவன் தடுமாறுவதற்குள் அவளே கேட்டாள்.

"அவுங்க ஏங்க இந்தப் பேரை விட்டுட்டாங்க? தேடினது போதும்னு விட்டாங்களா? இல்ல, அவுங்களுக்கே ஏதாச்சும்..."

தமிழ்மணிக்குப் பதில் தெரியும். பெயரை விட்டவரிடமே அதைத் திருப்பி விற்பது இந்தத் தொழிலில் சுலபமான வியாபாரம். அதனால் போன வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு மொரப்பூர்ப் பக்கம் போய், அவள் அப்பா பெரியண்ணனைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். மல்பெரித் தழை நறுக்கிக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறந்துபோய் விடவில்லை, தெரிந்தேதான் விட்டேன் என்றார். காரணமும் சொன்னார். தமிழ்மணிக்கு அது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேரம் படியாத எரிச்சலில் திரும்பி வந்துவிட்டான்.

இப்போது புரிந்தது. அவர் சொன்ன மாதிரியே சொன்னான்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்கப்பா என்ன சொன்னாருன்னா, 'யாரோ ஒருத்தர் மட்டும் தெனமும் வந்து பாத்துட்டுப் போறாங்கன்னு கம்ப்யூட்டர் சென்டர்ல சொன்னாங்க. அங்கயே எங்களைப் பாத்துக்கிட்டா அப்பறம் வூட்டுக்கு எப்ப வர்றது? அதான் மூடிட்டேன்'னாருங்க."

எதிரே திரையில் சூதாட்டக் கம்பெனியின் மெயில் திறந்தே கிடந்தது. 'விற்பதற்கில்லை' என்று தமிழ்மணி ஒற்றைக் கையால் அடித்து அனுப்பினான். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். போகவில்லை.

"எனக்கு அந்தப் பேரு வேணாங்க," என்றாள் கடைசியில். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நான் போன் பண்ணதை மட்டும் எங்கப்பாகிட்டச் சொல்லிடாதீங்க. நானே வந்து சொல்லிக்கறேன்."