வண்டி திரும்ப இடமில்லை

“ஓமன் உங்களை அன்புடன் வரவேற்கிறது” என்று பாபிக்கர் தன் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியை உரக்கப் படித்தான்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த முத்தஸிம் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். “விளையாடாதடா.”

“நான் எங்கடா விளையாடுறேன்? வெளிய பாரு, கொடி.”

சாலையோரத் தண்ணீர்த் தொட்டியில், பள்ளிக்கூடச் சுவரில், மளிகைக்கடை வாசலில், எங்கு பார்த்தாலும் குறுவாள் போட்ட ஓமன் கொடி. வேலியோ சோதனைச் சாவடியோ எதையும் அவர்கள் தாண்டவில்லை. ஷார்ஜாவிலிருந்து வந்த வழியில், கோர்ஃபக்கான் என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் மலைக்குள் திரும்பும் ரோட்டில் கூட்டம் இல்லையே என்று திரும்பினார்கள், அவ்வளவுதான்.

முத்தஸிம் லைசென்ஸ் வாங்கிப் பதினோரு நாள் ஆகிறது. அதுவும் ஆறாவது முயற்சியில். போர்ட் சூடானில் ஒன்றரை வருடமாகக் காத்திருக்கும் மனைவி இக்லாஸையும் இரண்டு பெண்களையும் ஷார்ஜா விமான நிலையத்திலிருந்து தானே ஓட்டிக் கூட்டிவர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதற்குக் கை பழகத்தான் வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் இந்தக் காரை வாடகைக்கு எடுத்திருந்தான், அறைத்தோழன் பாபிக்கரைத் துணைக்கு உட்கார்த்தி வைத்துக்கொண்டு.

குடும்ப விசா இன்னும் கைக்கு வரவில்லை. மனு யாரோ ஒரு அதிகாரியின் மேஜையில் இருந்தது. இந்த நேரத்தில் அவன் பெயரில் ஒரு போலீஸ் கேஸ் விழுந்தால், மனு மேஜையிலிருந்து குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

“வாடகைப் பேப்பர்ல என்னடா போட்டிருக்கு?”

பாபிக்கர் எடுத்துப் பார்த்தான். “எழுத்துல அனுமதி வாங்காம வண்டிய நாட்ட விட்டு வெளிய கொண்டு போனா இன்சூரன்ஸ் செல்லாது. போலீசுக்குத் தகவல் போகும்.” கொஞ்சம் நிறுத்தினான். “கீழ உன் கையெழுத்து. நல்லாத்தான் போட்டிருக்க.”

“திருப்பிடுறேன்.”

“எங்க திருப்புவ? அஞ்சு தடவ பெயிலானது இதுலதானே?”

ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சிமெண்ட் வாய்க்கால். முத்தஸிம் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் ஓமன் போலீஸ் வண்டி ஒன்று அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

“நேராப் போ. ஊர் சுத்திப் பாக்க வந்தவன் மாதிரி சிரி.”

“அவன் பின்னாடி இருக்கான்டா. நான் சிரிக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்?”

“தோளால சிரி.”

முத்தஸிம் தோளால் சிரித்துப் பார்த்தான். கார் வாய்க்கால் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

இரண்டு வளைவு தாண்டியதும் போலீஸ் வண்டி ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கி நின்றுவிட்டது. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. நின்றால் திருப்ப வேண்டும், திருப்பினால் அந்த வண்டிக்கு எதிரிலேயே போக வேண்டும். மலைகளுக்குள்ளே இன்னும் இன்னும் ஏறினான். கைபேசி மறுபடி சிணுங்கியது.

“அதை அணைச்சுத் தொலை. இன்னொரு தடவ வரவேற்றாங்கன்னா நான் அழுதுடுவேன்.”

பாபிக்கர் திரையைப் பார்க்காமலே அணைத்துப் பைக்குள் போட்டான்.

நாற்பது வீடுகூட இல்லாத ஒரு கிராமத்தில் சாலை முடிந்துபோனது. முடிந்த இடத்தில் ‘போலீஸ்’ என்று எழுதிய சின்னக் கட்டடம். கம்பத்தில் கொடி காற்றில்லாமல் சுருண்டு கிடந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவிய ஈரத்தோடு, வெள்ளை அங்கியில் ஒருவர் வாசலில் நின்று, நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார்.

முத்தஸிம் இறங்கினான்.

“சார், தப்பு என்னோடதுதான்.” அவர் எதுவும் கேட்காமலே ஆரம்பித்துவிட்டான். “அனுமதி இல்லாம உங்க நாட்டுக்குள்ள வாடகை வண்டிய கொண்டு வந்துட்டேன். வேணும்னு வரல. இவன் சும்மா கூட வந்தவன், இவன விட்டுடுங்க. என் பொண்ணுங்க ரெண்டும் விசாவுக்குக் காத்துக்கிட்டு இருக்குதுங்க. சின்னவளுக்கு, அப்பான்னா போனுக்குள்ள குடியிருக்கிற ஆளுன்னு நெனப்பு. கேஸ் மட்டும் போட்டுடாதீங்க சார்.”

ஏதோ கிண்டல் சொல்ல வாய் திறந்த பாபிக்கர், மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அவர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“சரி, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?”

“ஷார்ஜாவுக்குப் போயிடணும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“நீங்க நிக்கிறதே ஷார்ஜாதான்” என்றார் அவர். “நான் ஷார்ஜா போலீஸ். நம்ம நாட்டுக்கு நடுவுல ஓமனுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கு. அந்தத் துண்டுக்கு நடுவுல நம்ம ஊர் ஒண்ணு, இது. நீங்க ஓமனுக்குள்ள பூந்து இந்தப் பக்கம் வந்துட்டீங்க.”

முத்தஸிம் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று பாபிக்கருக்குத் தெரியவில்லை. தெரியாததால் முதுகை மட்டும் தடவிக் கொடுத்தான். அவர் உள்ளே போய்ப் பேரீச்சம்பழமும் காவா என்ற அரபுக் காப்பியும் கொண்டுவந்தார். மூன்றாவது கோப்பை முடியும்வரை முத்தஸிம் தரையை விட்டு எழவில்லை.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். “அப்ப நாங்க கிளம்பறோம் சார். வீட்டுக்கு எந்த வழியா போகணும்?”

அவர் கோப்பைகளைக் கையில் அடுக்கிக்கொண்டே மோவாயால் சாலையைக் காட்டினார்.

“ஒரே வழிதான். ஓமன்.”